தோற்றவர் சொல்லும் வாழ்த்து: இணைய பிங்கோ அறையின் குறுமொழியும் பண்பும்

பிரிட்டனில் பிங்கோ அரங்குக்குள் முதன்முறை நுழைபவர் உடனே கற்றுக்கொள்ளும் பாடம், எண்கள் வாசிக்கப்படும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். மேடையில் ஒருவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கீழே அமர்ந்திருப்பவர்கள் தலை நிமிராமல், தடித்த மைப்பேனாவால் டிக்கெட்டில் அந்த எண்களைக் குத்திக்கொண்டே வருவார்கள். டிக்கெட் நிறைந்துவிட்டதை ஆடுபவரே கவனித்து, அடுத்த எண் வருவதற்குள் குரல் கொடுத்தால்தான் பரிசு. பக்கத்து இருக்கைப் பேச்சில் ஓர் எண் காதில் விழாமல் போனால் கைக்கு வந்த பணம் போய்விடும். அதனால் அங்கே 'உஷ்' என்று அதட்டுபவர்மீது யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே ஆட்டம் இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது இந்த ஒழுங்கு தலைகீழானது. பெரும்பாலான தளங்களில் டிக்கெட்டை மென்பொருளே குறித்துக்கொள்கிறது. வென்றவர் யார் என்று அதுவே அறிவிக்கிறது. பரிசையும் அதுவே கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆடுபவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலை டிக்கெட் வாங்குவது. காதுக்கும் கைக்கும் வேலை இல்லாமல் போன இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டத்திரையின் ஓரத்தில் இருக்கும் அரட்டைப் பெட்டியில் எண்கள் விழ விழ வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த வரிகளில் பல இரண்டு, மூன்று எழுத்துகளாலான சுருக்கங்கள்.

இந்தச் சுருக்கங்களை அவசரத்தில் பிறந்த கொச்சை என்று ஒதுக்குவது எளிது. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஓர் ஆட்டத்தில் பணம் போட்டுத் தோற்றவர்கள், வென்றவரை வாழ்த்தவும், பொறாமையை அடக்கவும், ஒருவரையொருவர் தேற்றவும் தாங்களே உருவாக்கிக்கொண்ட ஒரு பண்பாடு அங்கே இயங்குகிறது. அந்தப் பண்பாட்டின் பலனில் பெரும்பங்கு ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

அரங்கிலிருந்து திரைக்கு

பிரிட்டனில் பிங்கோ வணிகமாக வேரூன்ற வழிவிட்டது 1960-ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த 1961 தொடங்கி நாடெங்கும் பிங்கோ கிளப்புகள் முளைத்தன. தொலைக்காட்சியிடம் பார்வையாளர்களை இழந்துகொண்டிருந்த பெரிய திரையரங்குகள் பல பிங்கோ அரங்குகளாக மாறின. தெற்கு லண்டனின் டூட்டிங்கில் 1931-இல் திறக்கப்பட்ட கிரனாடா திரையரங்கு, தேவாலயம் போன்ற தன் உள்ளலங்காரம் கலையாமலே 1976 முதல் பிங்கோ அரங்காக இயங்கியது. அதற்கு முன்பே இந்த ஆட்டம் ராணுவத்தில் 'ஹவுஸ்', 'ஹவுஸி ஹவுஸி' என்ற பெயர்களிலும் கடற்படையில் 'டாம்போலா' என்ற பெயரிலும் வழங்கிவந்தது. இந்தியக் கிளப்புகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு விழாக்களிலும் நாம் ஆடும் ஹவுஸியும் தம்போலாவும் அந்த வழி வந்தவையே.

அரங்கின் மௌனத்துக்குள்ளும் அனுமதிக்கப்பட்ட பேச்சு ஒன்று இருந்தது. எண்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. 9 என்றால் 'டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்'. ராணுவ மருத்துவர்கள் எந்த நோய்க்கும் கொடுத்த ஒன்பதாம் எண் மாத்திரையின் நினைவு அது. 11 என்றால் 'லெக்ஸ் இலெவன்'. அதைச் சொன்னதும் கூட்டம் சீட்டியடிக்கும். 22 என்றால் 'டூ லிட்டில் டக்ஸ்'. கூட்டம் வாத்துபோல 'க்வாக் க்வாக்' என்று பதில் சொல்லும். எண் வாசிப்பவர் ஒரு வாய்பாட்டைச் சொல்ல, கூட்டம் இன்னொரு வாய்பாட்டால் விடையளிக்கும் முறை இது. பதில் சுருக்கமானது, முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் சேர்ந்து சொல்வது. திரையில் இன்று காணும் சுருக்கங்களுக்கும் இதே மூன்று குணங்களும் உண்டு. ஊடகம் மாறினாலும் கூட்டமாகப் பதில் சொல்லும் பழக்கம் தொடர்கிறது.

அரங்குக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள், அதிலும் உழைக்கும் வர்க்கப் பெண்கள். 1980-களில் ரேச்சல் டிக்ஸி போன்ற ஆய்வாளர்கள் அவர்களைப் பற்றி எழுதியபோது, பரிசுப் பணத்துக்கு இணையாகத் துணையும் கலகலப்பும் அவர்களை இழுத்ததை எடுத்துக்காட்டினார்கள். மதுக்கடைக்குத் தனியாகப் போகத் தயங்கிய ஒரு பெண்ணால் பிங்கோ அரங்குக்குத் தனியாகப் போய்வர முடிந்தது. இடைவேளையில் தேநீரும் பேச்சும் இருந்தன. ஆட்டத்தின்போது காக்கப்பட்ட மௌனம் இடைவேளையில் ஒரேயடியாக உடையும்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இணைய பிங்கோ வேகம் பிடித்தது. ஸ்காட்லாந்தில் 2006-இலும் இங்கிலாந்தில் 2007-இலும் மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது அரங்குகளுக்கு ஓர் அடி. அதே ஆண்டுகளில்தான், 2006-இல், சண்டர்லண்டில் டோம்போலா என்ற இணைய நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கிய குடும்பம் அச்சுத்தொழிலில் இருந்தது. பிங்கோ டிக்கெட்டுகள் அச்சடித்துக்கொண்டிருந்தது. 2021-இன் இறுதியில் அந்த நிறுவனத்தை ஃப்ளட்டர் என்ற பந்தய நிறுவனம் 40.2 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2020-இல், பெருந்தொற்று அரங்குகளை அடைத்துப்போட்டது. அவற்றில் சில திரும்பத் திறக்கவே இல்லை. இடைவேளைப் பேச்சுக்காக அரங்குக்குப் போனவர்கள் அதைத் திரையில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஓர் ஆட்டம், சில எழுத்துகள்

பிரிட்டனில் பரவலாக ஆடப்படுவது 90 பந்து ஆட்டம். ஒரு டிக்கெட்டில் மூன்று வரிசை, ஒன்பது நெடுவரிசை, ஆக 27 கட்டங்கள். அவற்றில் 15-இல் மட்டும் எண்கள். ஆறு டிக்கெட்டுகள் சேர்ந்த ஒரு தாளில் 1 முதல் 90 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிடும். ஒரு வரிசை நிறைந்தால் ஒரு பரிசு, இரண்டு வரிசைக்கு இன்னொன்று, பதினைந்து எண்களும் நிறைந்தால் 'ஃபுல் ஹவுஸ்'.

இணைய அறையில் இந்த ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் நடக்கும் உரையாடலை வரிசையாகப் பார்க்கலாம். முதல் பந்து விழுமுன் பலரும் 'ஜிஎல்ஏ' என்று தட்டுவார்கள்; 'குட் லக் ஆல்', எல்லாருக்கும் நல்வாழ்த்து. பந்துகள் விழத் தொடங்கியதும் பேச்சு வானிலை, பேரக்குழந்தை, இரவுச் சாப்பாடு என்று அலையும். எண்பதாவது பந்தை நெருங்காமலே, ஐம்பது அறுபது பந்துகளில், சிலருடைய டிக்கெட்டுகள் முக்கால்வாசி நிறைந்திருக்கும். அப்போது '3டிஜி', '2டிஜி', '1டிஜி' என்று வரிகள் தோன்றும். 'டு கோ' என்பதன் சுருக்கம் அது. இன்னும் ஓர் எண்தான் வர வேண்டும் என்று பொருள். பல தளங்களில் இதை மென்பொருளே பட்டியலிட்டுக் காட்டினாலும், ஆடுபவர்கள் தாங்களும் தட்டுவார்கள். வேறொருவர் ஃபுல் ஹவுஸ் வென்றதும் 'டபிள்யூடி' என்ற 'வெல் டன்', 'டபிள்யூடிஜி' என்ற 'வே டு கோ', 'டபிள்யூடிடபிள்யூ' என்ற 'வெல் டன் வின்னர்ஸ்' ஆகியவை சரசரவென்று வந்து விழும். வென்றவர் 'டிஒய்' என்று நன்றி சொல்வார். 1டிஜி-யில் நின்றுபோனவருக்கு யாராவது ஒருவர் 'பிஎல்என்டி' என்பார். 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்', அடுத்த முறை அதிர்ஷ்டம் கூடட்டும். இடையில் அடுப்பைப் பார்க்கப் போனவர் 'பிஆர்பி' ('பி ரைட் பேக்', இதோ வந்துவிடுகிறேன்) என்று சொல்லிவிட்டுப் போவார்; திரும்பியதும் 'டபிள்யூபி' ('வெல்கம் பேக்') என்ற வரவேற்பு காத்திருக்கும். பிறகு மறுபடி ஜிஎல்ஏ.

இவற்றின் கட்டமைப்பைக் கவனித்தால், சுருக்கங்களுக்குள் ஓர் இலக்கணம் ஓடுவது தெரியும். 'ஜிஎல்' ஒருவரை நோக்கியது. அதன் கடைசியில் 'ஏ' சேர்ந்தால் அறை முழுவதையும் நோக்கியதாகிறது. 'டபிள்யூடி' வென்ற ஒருவருக்கு. கடைசியில் இன்னொரு 'டபிள்யூ' சேர்ந்தால் வென்ற எல்லாருக்கும். இறுதி எழுத்து யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சுட்டும் உருபுபோல வேலை செய்கிறது. இதற்கு ஒரு தேவை இருந்தது. ஒரே பெட்டியில் பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது, ஒரு வரிக்கும் அதற்கான விடைக்கும் நடுவில் வேறு ஐந்து வரிகள் வந்துவிடும். கணினிவழி உரையாடலை ஆராய்ந்த சூசன் ஹெரிங், இப்படி இழைகள் குறுக்கும்நெடுக்குமாகப் பின்னுவதை 1999-இல் வெளிவந்த கட்டுரையில் விரிவாக விவாதித்தார். எழுத்துப் பேச்சு முதற்பார்வைக்குக் கலைந்து தெரிந்தாலும், பயன்படுத்துபவர்கள் அதற்கேற்பத் தங்களைத் தகவமைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. பிங்கோ அறையின் 'ஏ'-யும் 'டபிள்யூ'-வும் அத்தகைய தகவமைப்பே.

இச்சுருக்கங்களில் பெரும்பாலானவை புதிய செய்தி எதையும் சொல்வதில்லை என்பது இன்னொரு உண்மை. ஜிஎல்ஏ என்று சொன்னால் எவர் டிக்கெட்டும் நிறையாது. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதிய கட்டுரையில், தகவலுக்காக அல்லாமல் மனிதர்கள் ஒருவரோடொருவர் இணைந்திருப்பதற்காகவே பேசும் பேச்சைத் தனியாக அடையாளப்படுத்தினார். வீட்டுக்கு வந்தவரிடம் 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் கேட்பது எந்தக் கணக்கெடுப்புக்காகவும் இல்லை. அந்த வகைப் பேச்சு அது. பிங்கோ அறையின் குறுமொழி ஏறத்தாழ முழுவதும் இந்த வகையில்தான் அடங்கும். சுருக்கமாக இருப்பதால் அதில் உணர்ச்சி குறைவு என்று முடிவுகட்ட முடியாது. ஓர் ஆட்டத்துக்குப் பத்து வாழ்த்து சொல்ல வேண்டிய இடத்தில், சொல்லும் வசதி இருந்தால்தான் எல்லாருக்கும் சொல்ல முடியும். சுருக்கம் அந்த வசதியைத் தருகிறது.

தந்தி முதல் அரட்டை வரை

கூட்டுத் தொழிலும் விரைவும் சேர்ந்த இடங்களிலெல்லாம் இத்தகைய குறுமொழி பிறந்திருக்கிறது. அமெரிக்கத் தந்திச் செய்தியாளர் வால்ட்டர் ஃபிலிப்ஸ் 1879-இல் வெளியிட்ட தந்திச் சுருக்கத் தொகுப்பு, செய்தி அனுப்புவோரின் கைவேலையைக் குறைத்தது. தந்தியாளர்கள் விடைபெறும்போது '73' என்று தட்டினால் 'அன்பான வணக்கங்கள்' என்று பொருள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் உருவாக்கிய ஐஆர்சி அரட்டை வலையில் பிஆர்பி போன்றவை செழித்தன. பிங்கோ அறை இந்தப் பொதுச் சொத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டது. 1டிஜி, டபிள்யூடிடபிள்யூ போன்ற தனக்கே உரியவற்றைச் சேர்த்துக்கொண்டது.

கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆங்கிலத்தைச் சீரழிக்கிறது என்ற அச்சம் பிரிட்டனில் உச்சத்தில் இருந்தபோது, மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2008-இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதிப் பதிலளித்தார். சுருக்கி எழுதுவது பழைய வழக்கம் என்பதும், சுருக்கத் தெரிந்தவருக்கு முழு வடிவமும் தெரிந்தே இருக்கும் என்பதும் அவர் வாதங்களில் அடங்கும். பிங்கோ அறை அவர் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. குறுஞ்செய்திச் சண்டையில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் இளைஞர்கள். இங்கே அதே உத்தியைக் கையாள்பவர்களில் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் ஏராளம். பள்ளியில் எழுத்துக்கூட்டி ஒழுங்காக எழுதக் கற்ற தலைமுறை, தன் தேவைக்கு ஒரு குறுமொழியைத் தானே பழகிக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்கான நாகரிகம்

அரங்கின் விதிகள் காதைக் காப்பவை. இணைய அறையின் விதிகள் கண்ணைக் காப்பவை. முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதக் கூடாது; அது கத்துவதற்குச் சமம். இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் 1995 அக்டோபரில் தொகுத்த இணைய நாகரிக வழிகாட்டியிலேயே இந்த விதி இடம்பெற்றுவிட்டது. ஒரே வரியைத் திரும்பத்திரும்பப் போட்டுத் திரையை நிரப்பக் கூடாது. அடுத்தவர் பேச்சு மேலே ஓடி மறைந்துவிடும். வேறு தளங்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. முகவரி, தொலைபேசி எண், முழுப்பெயர் ஆகியவற்றைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அறையில் எல்லாரும் புனைபெயரில்தான் இருப்பார்கள். அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் 'ரூமீஸ்', அறைத்தோழர்கள்.

எழுதப்பட்ட இவ்விதிகளைவிட நுட்பமானவை எழுதப்படாதவை. தொடர்ந்து வென்றவர் அதைப் பறைசாற்ற மாட்டார். வாழ்த்து வந்தால் நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஒருவர் 1டிஜி-யில் காத்திருக்கும்போது இன்னொருவர் வென்றால், வென்றவர் நன்றியோடு ஓர் ஆறுதலையும் சேர்த்துச் சொல்வது பண்பு. தோற்றதற்காகத் தொடர்ந்து புலம்புவது, ஆட்டம் ஏமாற்று என்று பொதுவில் குற்றஞ்சாட்டுவது, 'எப்போதும் அவரேதான் ஜெயிக்கிறார்' என்று பெயர்சுட்டிச் சொல்வது ஆகியவை அறையின் முகத்தைச் சுளிக்கவைக்கும்.

ஏன் இவ்வளவு கவனம்? கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் 600 டிக்கெட்டுகள் விற்றிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு டிக்கெட் ஃபுல் ஹவுஸ் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 600-இல் 1. ஆறு டிக்கெட் கொண்ட முழுத்தாள் வாங்கியவருக்கே அது 100-இல் 1. அதாவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறையில் ஒரு சிலர் மகிழ, மற்ற எல்லாரும் தோற்கிறார்கள். வென்றவரிடம் திறமை இல்லை, தோற்றவரிடம் தவறும் இல்லை. சதுரங்கத்தில் தோற்றவர் எதிராளியின் ஆட்டத்தைப் பாராட்டித் தன் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். இங்கே பாராட்ட எதுவும் கிடையாது. பொறாமை நேராக மனிதர்மீது பாயும். அதைத் தடுக்கும் அணையாக டபிள்யூடி நிற்கிறது. தோற்றவரே முந்திக்கொண்டு வாழ்த்துவதால், அவர் தோல்வி மரியாதைக்குரிய ஒரு செயலாக மாறிவிடுகிறது. அடுத்த ஆட்டத்தில் தானே வென்றால் அதே வாழ்த்து தனக்கும் வரும் என்ற பரஸ்பர நம்பிக்கை அறையைக் கட்டிக்காக்கிறது.

கருவியும் பண்பும் எவ்வளவு பிணைந்தவை என்பதற்கு நம்மூர் எடுத்துக்காட்டு ஒன்றே போதும். 2020-இன் ஊரடங்குக் காலத்தில் உறவினர்களும் அடுக்குமாடிக்காரர்களும் வாட்ஸ்அப் குழுக்களில் தம்போலா ஆடினார்கள். டிக்கெட் படமாக வரும். ஒருவர் எண்களைப் பதிவிடுவார். ஆடுபவர் கையால் குறித்துக்கொண்டு 'ஜல்தி ஃபைவ்', 'டாப் லைன்' என்று தாமே உரிமை கோர வேண்டும். தவறாகக் கோரினால் 'போகி', ஆட்டத்திலிருந்து வெளியே. அங்கே குழுக்காரர்கள் வழக்கமாகப் போட்ட விதி, எண்கள் வரும்போது வேறு செய்தி போடாதீர்கள் என்பது. அதுவும் இணையம்தான், அதுவும் எழுத்துதான். ஆனாலும் குறிக்கும் வேலை மனிதரிடம் இருந்ததால் அரங்கின் மௌனம் அங்கே திரும்பிவந்தது. குறிக்கும் வேலையை மென்பொருளிடம் விட்ட இடத்தில்தான் பேச்சு வெள்ளமாகப் பாய்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு இந்தியாவில் இன்று இடமில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடையை நாடு முழுதும் விரித்தது. ஆகவே பிரிட்டனின் பிங்கோ அறைக்கு நேர் இணை இங்கே கிடையாது.

இன்னும் ஓர் எண்

அறையின் சுருக்கங்களில் மிகுந்த கவனம் தேவைப்படுவது 1டிஜி. ஐம்பது பந்துகள் விழுந்த நிலையில் உங்களுக்கு ஓர் எண் மட்டும் பாக்கி என்று கொள்வோம். மிச்சம் 40 பந்துகள். அடுத்த பந்து உங்களுடையதாக இருக்கும் வாய்ப்பு 40-இல் 1, அதாவது 2.5 சதவீதம். அதே நேரத்தில் அறையில் வேறு சிலரும் 1டிஜி-யில் இருப்பார்கள். கணக்குப்படி இது வெற்றிக்கு அருகில் இல்லை. மனம் மட்டும் அருகில் வந்துவிட்டதாக நம்புகிறது.

மயிரிழையில் தவறும் இந்த அனுபவத்தைப் பற்றி உளவியலில் முக்கியமான ஆய்வுகள் உண்டு. லூக் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2009-இல் 'நியூரான்' இதழில் வெளியிட்ட ஆய்வு, சுழல் இயந்திரம் போன்ற ஓர் ஆட்டத்தில் மயிரிழைத் தோல்விகள் விரும்பத்தகாதவையாக உணரப்பட்டாலும் மேலும் ஆடும் ஆசையைத் தூண்டின என்றும், வெற்றியின்போது இயங்கும் மூளைப்பகுதிகளை அவையும் இயக்கின என்றும் காட்டியது. பிங்கோ வேறு வகை ஆட்டம். எனினும் 1டிஜி என்ற குறி அத்தகைய தவறலுக்கு ஒரு பெயரையும் மேடையையும் தருகிறது. அரங்கில் ஓர் எண்ணுக்காகக் காத்திருப்பவரின் படபடப்பு பக்கத்து நாற்காலிக்கு மட்டும் தெரியும். திரையில் அது அறை முழுவதற்கும் அறிவிக்கப்படுகிறது. வெறும் தோல்வி, 'கிட்டத்தட்ட வென்றேன்' என்ற கதையாக மாறிவிடுகிறது.

அந்தக் கதையை முடித்துவைக்கும் வரிதான் பிஎல்என்டி. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1952-இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே துணைக்கு வருகிறது. ஏமாற்றுக் கும்பலிடம் பணத்தைப் பறிகொடுத்தவர் ஆத்திரத்தில் கூச்சல் போடாதபடி, கும்பலில் ஒருவர் பின்தங்கி நின்று அவரை ஆற்றுப்படுத்துவார் என்பதிலிருந்து தொடங்கி, வேலை, காதல், தேர்வு என்று எங்கெல்லாம் மனிதர் தோற்கிறார்களோ அங்கெல்லாம் சமூகம் எப்படி ஆற்றுப்படுத்தும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்று அவர் விவரித்தார். பிரிட்டனில் உரிமம் பெற்ற பிங்கோ ஏமாற்று அல்ல. எண்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் தற்செயல் முறையில் இயங்குகிறதா என்று சோதிக்கப்பட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஒப்புமை ஆற்றுப்படுத்தும் வேலையில் மட்டும் உண்டு. அந்த வேலையைப் பிங்கோ அறையில் சக தோல்வியாளர்களே, மனமார, ஊதியமின்றிச் செய்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆறுதலில் 'அடுத்த முறை' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை என்பது இன்னொரு டிக்கெட். அன்பாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம், சொல்பவர் நினைக்காமலே, விற்பனை வாக்கியமாகவும் ஆகிவிடுகிறது.

நடுவில் அமர்ந்திருப்பவர்

அறையில் ஊதியம் பெற்றுப் பேசும் ஒருவரும் உண்டு. 'சாட் ஹோஸ்ட்' அல்லது 'சாட் மாடரேட்டர்' என்று அழைக்கப்படும் அவர், நிறுவனத்தின் சார்பில் அறையை நடத்துகிறார். உள்ளே வருபவரைப் பெயர்சொல்லி வரவேற்பார். புதியவர் 1டிஜி என்றால் என்ன என்று கேட்டால் விளக்குவார். பிறந்தநாளுக்கு அறை முழுவதையும் வாழ்த்தவைப்பார். தகாதவை எழுதுபவரின் பேச்சை நிறுத்திவைப்பார். பிங்கோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அரட்டை விளையாட்டுகளும் நடத்துவார்: புதிர் போடுவது, வெற்றிப்பந்தின் எண்ணை ஊகிக்கச் சொல்வது போன்றவை. பரிசு சிறிய போனஸாக இருக்கும். அந்த விளையாட்டில் சேர நடப்பு ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல தளங்களில் உண்டு. நட்பு எந்த இடத்தில் வணிகத்தோடு முடிச்சுப்போடப்படுகிறது என்பது இந்த நிபந்தனையில் தெளிவாகத் தெரிகிறது.

சாட் ஹோஸ்டுகளைக் குற்றவாளிகளாக நிறுத்துவது என் நோக்கமில்லை. இரவு நேரத்தில் தனியே வீட்டிலிருப்பவர்களுக்கு, உடல்நலமின்றி வெளியே போக முடியாதவர்களுக்கு, துணையை இழந்தவர்களுக்கு அந்த அறையின் 'டபிள்யூபி' உண்மையான வரவேற்புதான். அதைப் போலி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சிக்கல் அமைப்பில் இருக்கிறது. அறை கதகதப்பாக இருந்தால் மக்கள் நீடித்து இருப்பார்கள். நீடித்து இருந்தால் நீடித்துச் செலவழிப்பார்கள். கதகதப்பை உண்டாக்கியவர்கள் ஆடுபவர்கள், வருமானம் நிறுவனத்துக்கு. சட்ட ஆய்வாளர் கேட் பெட்ஃபர்ட் 2019-இல் வெளியிட்ட 'பிங்கோ கேப்பிட்டலிசம்' நூலில், பரஸ்பர உதவியும் தொண்டும் வணிகமும் பிங்கோவின் சட்ட வரலாற்றில் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார். திரையின் அரட்டைப் பெட்டிக்குள்ளும் அதே பின்னல்தான்.

பிரிட்டனின் ஒழுங்குமுறை அண்மை ஆண்டுகளில் இறுகியிருக்கிறது. 2020 மார்ச் இறுதியில், உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் கேம்ஸ்டாப் என்ற தன்விலக்கத் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டியதாயிற்று. அதில் பதிவு செய்துகொண்டவரை எந்தத் தளமும் ஆடவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. பாதிப்புக்கு ஆளாகக்கூடிய வாடிக்கையாளரை நிறுவனம் கண்டறிந்து தலையிட வேண்டும் என்ற கடமையையும் சூதாட்ட ஆணையம் விதித்திருக்கிறது. செலவு, செலவழிக்கும் நேரம், ஆடும் விதம் ஆகியவற்றோடு, வாடிக்கையாளர் தாமாக நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சொல்பவற்றையும் அடையாளங்களாகக் கவனிக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

அரட்டை அறையைவிட அப்படிச் சொல்ல வசதியான இடம் வேறில்லை. பொதுவில் புலம்பாதே என்ற நாகரிகம் இங்கேதான் ஆபத்தாகத் திரும்புகிறது. வாடகைப் பணத்தை இழந்த ஒருவர் அதை அப்படியே எழுத மாட்டார். அறையின் பண்பு அதற்கு இடம்தராது. அவர் 'இன்றைக்கு என் நாளில்லை' என்பார். பதிலுக்கு நான்கு பிஎல்என்டி வரும். அடுத்த ஆட்டத்துக்கு ஜிஎல்ஏ வரும். எல்லாரும் நல்ல எண்ணத்தோடு நடந்துகொண்ட பின்னும், உதவி தேவைப்பட்ட ஒருவர் இன்னும் நான்கு டிக்கெட் வாங்கியிருப்பார். தோல்வியைத் தாங்கிக்கொள்ள உதவும் அதே மொழி, தோல்வியை மறைக்கவும் உதவுகிறது.

எனவே பொறுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரூமீஸ் ஒருவரையொருவர் வாழ்த்துவதை மாற்றவோ குறைக்கவோ தேவையில்லை. அந்த வாழ்த்து அவர்களுடைய சொத்து. மாற வேண்டியது ஊதியம் பெறும் நபரின் வேலை. ஆறுதல் சொல்லும் ஒருவரே அடுத்த டிக்கெட்டை விற்கும் ஏற்பாடு முடிவுக்கு வர வேண்டும். அரட்டை விளையாட்டில் சேர டிக்கெட் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அந்த முடிச்சில் பாதி அவிழும். மீதிப் பாதிக்கு, சாட் ஹோஸ்டுக்கு இந்தக் குறுமொழியின் மறுபக்கத்தைப் படிக்கப் பயிற்சி தர வேண்டும்: விடியும்வரை ஓயாமல் ஜிஎல்ஏ தட்டுபவர், பேச்சை நிறுத்திவிட்டு 1டிஜி மட்டும் எழுதுபவர், வழக்கமாக வாழ்த்துபவர் திடீரென வாழ்த்தாமல் போவது. இவற்றைப் பொதுவில் சுட்டாமல், தனிச் செய்தியில் விசாரித்து, உதவிக்கான குழுவிடம் சேர்க்க அவருக்கு அதிகாரமும் கடமையும் இருக்க வேண்டும். ஆடுபவர்கள் தங்கள் பங்கு மரியாதையைத் தவறாமல் செலுத்திவருகிறார்கள். அந்த மரியாதையில் வருமானம் பார்க்கும் நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும்.